சேனை வைத்த விரல்

பிரசவ வார்டில் காலம் தள்ளியவளிடம் வந்து பிறவிக்குணத்தைப் பற்றிப் பாடம் எடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, இந்த அம்மா ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்று கேட்கக் கூடாது.

பெங்களூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். இப்போதுதான் ஓய்வு பெற்றேன். வேலையில் பாதிக்கு மேல் பிரசவ வார்டுதான். பிள்ளையைத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் காட்ட வேண்டும். தர்மபுரிக்காரர்களோ, வேலூர்க்காரர்களோ, நாலு தலைமுறையாக இதே ஊரில் இருப்பவர்களோ, யாராக இருந்தாலும் கேள்வி இரண்டுதான். முதலில், ஆணா பெண்ணா? அடுத்தது, யார் ஜாடை? அந்த நேரத்தில் பிள்ளையின் முகம் ஊறப்போட்ட உலர்திராட்சை மாதிரி இருக்கும். அதில் போய் இவர்கள் பங்கு பிரிப்பார்கள். மூக்கு அப்பா வீட்டுக்கு, நெற்றி அம்மா வீட்டுக்கு, காது செத்துப்போன பெரியப்பாவுக்கு. நிறம் கொஞ்சம் கம்மியாக இருந்தால் மட்டும், "எங்க வீட்ல இந்தக் கலரு யாரும் இல்லியே" என்று சம்பந்தி பக்கம் தள்ளிவிடுவார்கள்.

பங்கு பிரித்து முடிந்ததும் யாராவது ஓர் அம்மாள் முந்தானைக்குள்ளிருந்து சின்ன டம்ளரை எடுப்பாள். உள்ளே சர்க்கரைத் தண்ணீர். எங்கள் வீட்டில் அதைச் சேனை என்போம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் அதைத் தொட்டு வைப்பவர் யாரோ, அவருடைய குணம்தான் பிள்ளைக்கு வருமாம். அதற்காகக் குடும்பத்தில் படித்தவர், பொறுமைசாலி, நாலு பேர் மதிக்கிறவர் என்று ஆள் தேடிக் கூட்டிவந்திருப்பார்கள். நான் விடமாட்டேன். "தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டு உள்ள போச்சு, நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று கத்தி, டம்ளரைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் கொட்டுவேன். வார்டில் எனக்குப் பத்ரகாளி என்று பேர் இருந்தது எனக்கே தெரியும்.

கொட்டிக் கொட்டி ஒன்றைக் கவனித்தேன். இந்த ஜனங்களுக்கு ரத்தத்திலும் நம்பிக்கை, சேனையிலும் நம்பிக்கை. பிள்ளை நன்றாக வந்தால் எங்கள் ரத்தம். தறுதலையாகப் போனால், "எந்தப் புண்ணியவதி இதுக்குச் சேனை வச்சாளோ". எப்படிப் போனாலும் நஷ்டம் அவர்களுக்கு இல்லை.

பிறவிக்குணமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே மணி நேரத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறேன். ஒன்று கத்தி ஊரைக் கூட்டும். இன்னொன்று வந்த இடம் எப்படி என்று பார்க்கிற மாதிரி மெல்லக் கண்ணைத் திறந்து மூடும். யார் சொல்லிக்கொடுத்தது? ஒருவரும் இல்லை, கொண்டுவந்தது. ஆனால் ஊரைக் கூட்டிய அந்தப் பிள்ளை நாளைக்கு வக்கீலாகுமா, வாயாடியாகுமா, வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்காருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவனைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தவளுக்கு இப்படியா என்று ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் உச்சுக்கொட்டாத வாய் கிடையாது. நானும் என் வீட்டுக்காரரும் சட்டப்படி பதிந்து, வருஷக்கணக்கில் காத்திருந்து, ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பத்து மாதம். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, பிள்ளையை எந்தத் தோளில் போட்டுக்கொள்வது என்று தெரியாமல் கூடத்தில் முழித்துக்கொண்டு நின்றார். நான் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கரைத்தேன். ஆள்காட்டி விரலை நனைத்து அவள் நாக்கில் வைத்தேன்.

"அடிப்பாவி! ஊர்ல எல்லார் டம்ளரையும் புடுங்கிக் கொட்னவளாச்சே நீ" என்றார்.

"பத்து மாசப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. இவளுக்கு யாரு வச்சாங்களோ, வச்சாங்களோ இல்லியோ. இப்ப நான் வச்சிட்டேன். இனிமே எவளும் உரிமை கொண்டாட முடியாது."

பிள்ளை என் விரலை நறுக்கென்று கடித்தது. அதற்குள் இரண்டு பல் முளைத்திருந்தது.

அவளிடம் எதையும் மறைக்கவில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு எல்லாம் தெரியும். சேனைக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாள், கடித்த இடம் வந்ததும் கைதட்டுவாள். அவளோடு வந்தவை சில உண்டு. இடது கைப்பழக்கம் வந்தது. நெய் வாசனை பிடிக்காது. ரேடியோவில் என்ன ஓடினாலும் விரல் தாளம் தப்பாமல் தட்டும். எங்கள் இருவருக்கும் தாளம் என்றால் காத தூரம், கோவில் பஜனையில்கூட எங்களைப் பின்வரிசையில்தான் உட்காரவைப்பார்கள். அதெல்லாம் எங்கிருந்து வந்ததோ, யார் கொடுத்ததோ, நன்றாக இருக்கட்டும்.

என்னிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டது வேறு. சண்டைக்கு முன்னால் நான் கொண்டையை அவிழ்த்து, உதறி, இறுக்கி முடிவேன். அதைப் பார்த்தால் என் வீட்டுக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒருநாள் பள்ளிக்கூட வேன்காரர் ஏதோ திட்டினார் என்று, ஒரு பிடிகூட இல்லாத தன் முடியை அவிழ்த்து, உதறி, இறுக்கி முடிந்துகொண்டு நின்றாள். அப்போது ஒண்ணாம் கிளாஸ். நான் சிரித்த சிரிப்பில் வேன்காரரும் சிரித்துவிட்டார்.

விவரம் தெரியாதவர்கள் பஸ்ஸில், "அம்மாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்பார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொள்வோம். விவரம் தெரிந்த சொந்தக்காரர்கள்தான் ஆபத்து. அவள் பரிசு வாங்கினால், "உன் வளர்ப்பு, வேறென்ன?" எதிர்த்துப் பேசினால், "ஹூம், எந்த ரத்தமோ." நாசமாய்ப் போக! எதிர்த்துப் பேசுவதுதான் என் வளர்ப்பு என்று எத்தனை தடவை சொல்வது?

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், பத்தாவது பரீட்சை எழுதிய லீவில் நடந்ததற்காக. அவளுக்குப் பியூசியில், அதாவது இங்கத்து பிளஸ் டூவில், சயின்ஸ் எடுக்க வேண்டும், அதில் கணக்கு இருக்க வேண்டும், இதுதான் ஆசை. கணக்கில் அவள் புலியா என்றால் இல்லை. சுமார்தான். ஆனால் விடமாட்டாள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரே கணக்கைப் போடுவாள், அடிப்பாள், திரும்பப் போடுவாள். சோறு ஆறிப்போகும். கடைசியில், "வந்துச்சும்மா!" என்று ஒரு கத்தல். கீழே மளிகைக்கடைக்காரர், "என்னம்மா, விடை வந்திருச்சா?" என்று மேலே பார்த்துக் கேட்பார். அந்தக் கத்தலுக்காகவே நான் சோற்றைத் திரும்பத் திரும்பச் சூடுபண்ணுவேன்.

என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, வைட்ஃபீல்டில் பெரிய அபார்ட்மென்டில் இருக்கிறாள். நல்ல மனசு. வாய் மட்டும் மனசைக் கேட்காமல் ஓடும். ஒருநாள் போன் பண்ணினாள்.

"அண்ணி, எங்க கிளப் ஹவுஸ்ல ஞாயித்துக்கிழம ஒரு டெஸ்ட் வச்சிருக்காங்க. பத்து விரலயும் ஸ்கேன் பண்ணி, பிறவியிலயே மூளை எப்படி, எந்தப் படிப்பு வரும், எது வராதுன்னு புட்டுப் புட்டு வச்சிடறாங்களாம். பாப்பாவ கூட்டினு வாங்க. என்னோட கிஃப்ட்டு."

எங்களுக்கு அவள் பிறந்த நேரம் தெரியாது, அதனால் ஜாதகம் கிடையாது. நாத்தனாருக்கு அது ரொம்ப நாள் குறை. தெருமுனை ஜோசியர் கையைப் பார்த்துச் சொன்னால் இவர்களே சிரிப்பார்கள். அதையே ஒருவன் டை கட்டிக்கொண்டு லேப்டாப்பில் சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். நானும் போனேன், சும்மா சொல்லக் கூடாது. நாத்தனார் வீட்டு பிரியாணிக்காகப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி ஹாலில் பெற்றோர்கள் வரிசையாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். டை கட்டிய தமிழ்ப் பையன் ஒருவன் சின்னக் கண்ணாடிப் பெட்டியில் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தான். "பிறவியில வந்த மூளை சாகற வரைக்கும் மாறாது மேடம். ரேகை பொய் சொல்லாது" என்று எல்லோருக்கும் அதே பாட்டு. எங்கள் முறை வந்தது. என் மகள் கையை வைத்தாள். நாத்தனார் குனிந்து, அவனுக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "நாங்க பெத்த குழந்தை இல்ல சார். அதனாலதான், உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுகிட்டா நல்லதுன்னு."

பத்துத் தலை திரும்பியது. என் மகள் திரும்பவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மூன்று நாளில் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. மூளைப் படம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. கணக்கும் தர்க்கமும் அடிமட்டத்தில் சிவப்பாக இருந்தன. பொறுமை ரொம்ப ஜாஸ்தியாம். நர்ஸ் வேலை, ஓட்டல் நிர்வாகம் மாதிரி துறைகள் பொருந்துமாம். பொறுமையா, இவளுக்கா! அந்த இடத்திலேயே ரிப்போர்ட்டின் லட்சணம் தெரிந்துபோயிற்று. அப்புறம், நர்ஸுக்குக் கணக்கு வேண்டாம் என்று எந்த மகராசன் கண்டுபிடித்தான்? மருந்தை நாங்கள் என்ன, குழம்பு மாதிரி அள்ளியா ஊற்றுகிறோம்?

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. நல்லதாகச் சொன்னதை நம்பவில்லை, சிவப்பில் போட்டதை நம்பிவிட்டாள். காலண்டரில் தாள்கள் கிழிபடாமல் அப்படியே சேர்ந்துகிடந்தன. என்னடி ஆச்சு என்று கேட்டேன்.

"எனக்குள்ளயே இல்லியாம்மா. அப்புறம் எதுக்குத் தலைய ஒடச்சிக்கணும்? காமர்ஸே எடுத்துக்கறேன்." கொஞ்சம் பொறுத்து, "என்னப் பெத்தவங்களுக்கும் கணக்கு வந்திருக்காதோ என்னமோ" என்றாள்.

அந்த வார்த்தை என் வயிற்றில் விழுந்தது. பெற்றவர்களைப் பற்றி அவள் எப்போது கேட்டாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன், ஒருநாளும் எனக்கு வலித்ததில்லை. ஆனால் இதுவரை அவர்களை ஒரு குறையாக அவள் சொன்னதில்லை. முகம் தெரியாத இரண்டு பேரின் தலையில் ஒரு சிவப்புக் கோட்டைத் தூக்கிவைத்து, தன்னையும் அதற்குக் கீழே உட்காரவைத்துவிட்டாள். அடுப்படியில் நின்று அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"ஏன்மா பேஜார் பண்ணிக்கற?" என்றார் வீட்டுக்காரர். "காமர்ஸ் என்ன கேவலமா?"

"கேவலம்னு நான் சொன்னனா? அவளுக்கா புடிச்சு எடுத்தா மாலை போட்டு அனுப்பறேன். எவனோ சொன்னான்னு எடுக்கறா. அதான் என்னால தாங்க முடியல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் ரிப்போர்ட்டை விளக்க அதே ஹாலுக்கு வருவதாக இருந்தது. அல்சூர் வரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ. மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹாலில் எங்கள் முறை வந்ததும் அவன் ரிப்போர்ட்டை விரித்தான். நான் அதை மூடி வைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

"எனக்கும் எடுப்பா."

"மேடம், இது பசங்களுக்கு..."

"பிறவிப் புத்தி சாகற வரைக்கும் மாறாதுன்னு நீதானே சொன்ன? நான் இன்னும் சாவல. எடு."

ஆள்காட்டி விரலை வைத்தான். திரையில் வெறும் வெள்ளை. கண்ணாடியைத் துடைத்தான், என் விரலைத் துடைத்தான், கட்டை விரலை வைத்துப் பார்த்தான், மோதிர விரலை வைத்துப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை. விழாது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஸ்பிரிட்டிலும் சோப்பிலும் ஊறிய கை. ஆஸ்பத்திரியில் வருகைப்பதிவுக்குக் கைநாட்டு மெஷின் வந்த நாளிலிருந்து எனக்கு மட்டும் தனியாகக் கையெழுத்து. ரேஷன் கடையிலும் இதே கூத்து. தெரிந்துதான் நீட்டினேன்.

"லைன்ஸ் தேஞ்சுபோச்சு மேடம். ரீட் ஆகல."

"அப்ப என் புத்தியும் தேஞ்சுபோச்சா?"

"அப்படி இல்ல மேடம். பிறக்கும்போது இருந்திருக்கும்..."

"இப்ப இருக்கா இல்லியா, அதச் சொல்லு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாத்தனார் என் கையைப் பிடித்தாள். "அண்ணி, மானத்த வாங்காதீங்க. நான் இங்கதான் குடியிருக்கணும்."

நான் கொண்டையை அவிழ்த்து, உதறி, இறுக்கி முடிந்தேன். "இவளுக்குக் கணக்கு வராதுன்னு உனக்கு யாருப்பா சொன்னா?"

"ரிப்போர்ட்ல..."

"ரிப்போர்ட்டு இவகூட உக்காந்து ஒரு கணக்கு போட்டுப் பாத்துச்சா? நீ பாத்தியா? விரல அமுக்குன. அந்த விரலு ராத்திரி பகலா என்ன எழுதுதுன்னு கேட்டியா? வராதுன்னு யாரு சொன்னா?"

பாவம். கம்பெனியில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற பையன், அவனை மேலே திட்ட மனசு வரவில்லை. நாத்தனார் பக்கம் திரும்பினேன். "நீ நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்ச. ஆனா இத்தன பேர் எதிர்ல 'பெத்த பிள்ள இல்ல'ன்னு சொன்ன பாரு, அத நான் மறக்கமாட்டேன்."

"நான் தப்பா சொல்லல அண்ணி" என்று அவள் கண் கலங்கினாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, இன்றுவரை வாங்கவில்லை. பிரியாணிக்கும் நிற்கவில்லை.

மெட்ரோவில் மகள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து திருப்பினால், சிரிக்கிறாள். "உனக்கு மூளையே இல்லன்னு வந்துடுச்சும்மா!" என்று மூச்சுவாங்கச் சிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எந்த விரல்மா?"

எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆள்காட்டி விரலை நீட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு கோடுகூட இல்ல."

"பின்ன? எல்லாத்தயும்தான் உன் நாக்குல தடவிட்டேனே."

விரலை விடாமல் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "நெஜமாவே எனக்கு வரலன்னா?" என்றாள்.

"வரலன்னா வரல. குடி முழுகிடாது. ஆனா நீயே போட்டுப் பாத்து, முட்டி மோதிட்டு வந்து, 'வரலம்மா'ன்னு சொல்லு. நான் கேட்டுக்கறேன். அவன் சொன்னத நீ வந்து என்கிட்ட சொல்லாத."

வீட்டுக்கு வந்ததும், அன்றைய தேதி முடிவதற்கு முன்னாலேயே காலண்டரில் அந்தத் தாளைக் கிழித்தாள்.

இதற்கு மேல் அவள் மாநிலத்தில் முதலாவதாக வந்தாள் என்று சொல்வேன் என எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ரிசல்ட் வந்தது, கணக்கில் அதே சுமார்தான். இரண்டு காலேஜில் சயின்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது காலேஜில் கணக்கு லெக்சரர் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். கன்னடக்காரர், வழுக்கைத் தலை, களைத்த முகம். மார்க்கைப் பார்த்தார். "கம்மி இதே. காமர்ஸ் தகொள்ளி" என்றார். மார்க் கம்மி, காமர்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு கை பின்தலைக்குப் போயிற்று. ரப்பர் பேண்டை உருவினாள். முடியை உதறி, இறுக்கிக் கட்டினாள்.

"யாக் சார்? நங்கே பரல்லா அந்தா யாரு ஹேளித்ரு?"

ஏன் சார், எனக்கு வராதுன்னு யார் சொன்னா? கேள்வி என்னுடையது. கன்னடம் அவளுடையது, எனக்கு இன்னும் அந்த வேகத்தில் வராது. ஒரு கணக்குக் கொடுங்கள், இங்கேயே போடுகிறேன், வராவிட்டால் நானே காமர்ஸில் சேர்ந்துகொள்கிறேன் என்று படபடவென்று சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, ஒரு தாளை இழுத்து ஒரு கணக்கை எழுதி நீட்டினார்.

வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இடது கை ஓடியது, நின்றது, அடித்தது, திரும்ப ஓடியது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் அட்மிஷன் வாங்கிக்கொண்டு போனார்கள். கூட வந்திருந்த வீட்டுக்காரர் இரண்டு தடவை டீ குடிக்கப் போய்வந்தார். லெக்சரர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, மூடினார். வராவிட்டால் என்ன என்று வீறாப்பாகச் சொன்னவள், வர வேண்டும் வர வேண்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

"வந்துச்சும்மா!"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தாளைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். அவர் வரி வரியாகப் பார்த்து, கடைசியில் ஒரு மைனஸைச் சுழித்தார். அவள் வெடுக்கென்று தாளை இழுத்து, அங்கேயே நின்று திருத்தி, திரும்ப வைத்தாள். அவர் சிரித்துவிட்டார். அவளையும் பார்த்தார், கொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னையும் பார்த்தார். "அம்மன தரானே இதாளே" என்றார். அம்மா மாதிரியே இருக்கிறாளே என்று. பாரத்தில் சயின்ஸுக்கு நேராகக் கையெழுத்துப் போட்டார்.

"பின்ன என்ன சார்? சேனை வச்சது நானாச்சே" என்றேன் தமிழில். அவருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நறுக்கென்று ஒரு கடி கடித்துவிட்டு, பீஸ் கட்டுகிற வரிசையைப் பார்த்து ஓடினாள்.